அடித்தல் திருத்தலோடு

அன்புள்ள ஐயா,

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. ஒன்பதாம் வகுப்பு, 42 பிள்ளைகள். வாரத்தில் ஒரு பாடவேளையைச் சிறுகதைக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். ஆர்வமாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால், "இதை இன்னொரு தடவை எழுதிப் பாரேன்" என்றால் முகம் வாடிவிடுகிறது. மறுவாரம் அதே கதை, பிழை நீங்கி, அழகான கையெழுத்தில் வருகிறது. அவ்வளவுதான். எல்லாக் கதையும் ஒரு நீதியில் போய் முடிகிறது. திருத்தி எழுதுவதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஒரு தமிழாசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள டீச்சருக்கு,

பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. சின்ன வகுப்பிலிருந்தே அவர்களுக்குத் திருத்தம் என்றால், சிவப்பு மையில் சுழித்த சொல்லைப் பத்து தடவை எழுதுவது. 'இன்னொரு தடவை எழுது' என்பது தண்டனையாகத்தான் காதில் விழும். நீதியும் அப்படி வந்ததுதான். முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்று கட்டுரை எழுதிப் பழகிய கை அது. முடிவுரை இல்லாவிட்டால் மதிப்பெண் போய்விடும் என்ற பயம் கதையிலும் தொடர்கிறது.

அதனால் முதல் வேலையாகச் சிவப்புப் பேனாவை மூடி வையுங்கள். ஒற்றுப்பிழை, சந்திப்பிழை எல்லாம் கடைசி வாரத்துக்கு. நோட்டில் வலப்பக்கம் மட்டும் எழுதச் சொல்லுங்கள். இடப்பக்கம் காலியாக இருக்கட்டும். கதையைப் படித்துவிட்டு அந்த இடப்பக்கத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். 'நன்று', 'இன்னும் முயற்சி செய்' எதுவும் வேண்டாம். ஒரு கேள்வி போதும்.

என்ன மாதிரிக் கேள்வி? சில வருஷங்களுக்கு முன் ஒரு பள்ளியில் மூன்று சனிக்கிழமை கதைப் பயிற்சி நடத்தினேன். ஒரு பையன், டியூ கட்டாததால் அப்பாவின் ஆட்டோவை ஃபைனான்ஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போனதைக் கதையாக எழுதியிருந்தான். "அந்தக் குடும்பம் வறுமையில் வாடியது. தந்தை கண்ணீர் வடித்தார்." கீழே, கடன் வாங்கக் கூடாது என்று நீதி. நான் எழுதிய கேள்வி: 'சாவியைக் கேட்டபோது அப்பா என்ன செய்தார்?'

அடுத்த வாரம் இடப்பக்கத்தில் நாலு வரி இருந்தது. ஆட்டோ சாவியும் வீட்டுச் சாவியும் ஒரே வளையத்தில் கிடக்கின்றன. அப்பா வீட்டுச் சாவியைக் கழற்றப் பார்க்கிறார். வளையம் பிரிய மாட்டேன் என்கிறது. நகம் உடைகிறது. வந்த ஆள், "மெதுவா எடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பி நிற்கிறான்.

படித்துவிட்டு அவனிடம் எதுவும் சொல்ல முடியவில்லை எனக்கு. பக்கத்துப் பெஞ்சு நண்பனுக்கு உரக்க வாசித்துக் காட்டு என்று மட்டும் சொன்னேன். நீதி வந்த இடத்தில் அவன் குரலே தாழ்ந்துவிட்டது. நிறுத்தினான். அவனே பேனாவை எடுத்து அந்தப் பத்தியை அடித்தான். அப்புறம் மேலே போய் 'கண்ணீர் வடித்தார்' என்பதையும் அடித்தான். எனக்குத் தெரிந்து திருத்தி எழுதுவது என்பது இதுதான்.

பத்தாம் வகுப்பு விரிவானத்தில் கு. அழகிரிசாமியின் 'ஒருவன் இருக்கிறான்' உண்டே, அதை உங்கள் வகுப்பில் இப்போதே வாசித்துக் காட்டலாம். நோயாளி நண்பனுக்கு வீரப்பன் ஒரு கடிதமும் 3 ரூபாயும் கொடுத்தனுப்புகிறான். அந்த 3 ரூபாயை எடுத்துவிட்டு, 'அவன் நல்ல நண்பன்' என்று ஒரு வரி போட்டால் கதை என்னாகும் என்று கேளுங்கள். பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

42 நோட்டுக்கும் ஒரே வாரத்தில் கேள்வி எழுத உங்களால் முடியாது. பத்துப் பத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து வாசிக்கட்டும். கேட்பவர் குறை சொல்லக் கூடாது, புரியாத இடத்தில் 'அப்புறம்?', 'எங்கே?' என்று கேட்கலாம். கதையில் வரும் அம்மா "உணவு உண்ண வா மகனே" என்று கூப்பிட்டால், உங்கள் வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டால் போதும், சரியாகிவிடும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அவர்கள் வாக்கியத்தை நீங்கள் மாற்றி எழுதித் தராதீர்கள். அதே பயிற்சியில் ஒரு பெண்ணின் முதல் வரியை நான் 'அழகாக்கி'க் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் எழுதியதெல்லாம் என் வரி மாதிரியே இருந்தது. அவளுடைய நடையை நான் பறித்துவிட்டேன் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

இன்னொன்று, பிள்ளைகள் உண்மையாக எழுத ஆரம்பித்தால் வீட்டுச் சங்கதிகள் வெளியே வரும். வகுப்பில் வாசிக்கும் முன் தனியாகக் கூப்பிட்டுச் சம்மதம் கேளுங்கள். ஆட்டோ கதையை ஆண்டு மலரில் போட வேண்டாம் என்றான் அந்தப் பையன். போடவில்லை. இங்கே சொல்வதற்கு அவனிடம் கேட்டுக்கொண்டேன்.

இந்தப் பருவம் முடிந்ததும் நாலைந்து கதைகளை, பிள்ளைகள் சம்மதித்தால், எனக்கு அனுப்புங்கள். ஃபேர் காபி எடுக்க வேண்டாம். அடித்தல் திருத்தலோடு அப்படியே நோட்டைப் படம் பிடித்து அனுப்பினால் போதும்.

அன்புடன்.