அல்சைமர் முற்றிய பிறகும் டோனெபெசில் மாத்திரை தேவையா?

டோனெபெசில் அல்சைமரைக் குணப்படுத்தும் மாத்திரை அல்ல. நினைவாற்றலுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருள் சீக்கிரம் சிதையாமல் காக்கும், அவ்வளவுதான். நோய் முற்றும்போது அதைச் சுரக்கும் செல்களே அழிந்துவிடுகின்றன. கிணறு வற்றியபின் குடத்து ஓட்டையை அடைப்பது போலப் பலன் குறைந்துகொண்டே போகும். ஆனால் குமட்டல், பசியின்மை, எடை இழப்பு, நாடித்துடிப்பு குறைந்து மயங்கி விழுதல் போன்ற பக்கவிளைவுகள் அப்போதும் வரலாம். இரண்டு வாய் கஞ்சிக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவருக்குப் பசியைக் கெடுக்கும் மாத்திரை எதற்கு என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

சிலருக்கு அந்த நிலையிலும் உதவும். அதனால் மருத்துவர்கள் ஒரேயடியாக நிறுத்தாமல், 10 மில்லிகிராமை 5 ஆக்கி, சில வாரம் கவனித்து, மோசமானால் பழைய அளவுக்கே திரும்புவார்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், மாத்திரையை நிறுத்தினால் நோயாளியைக் கைவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் சிகிச்சை தொடரும்.