கோலியஸ்: குச்சியைக் கொடுங்கள், தொட்டியை வேண்டாம்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மொட்டை மாடியில் வண்ண இலைச் செடியான கோலியஸை எட்டு நிறங்களில் வளர்க்கிறேன். புதுச்சேரித் தோழிகளோடு மாதம் ஒருமுறை செடி மாற்றிக்கொள்வது வழக்கம். இந்த ஐப்பசி மழையில் நட்ட குச்சிகளில் பாதி அழுகிவிட்டன. போன மாதம் வாங்கி வந்த தொட்டியிலிருந்து வெள்ளையாக ஏதோ மற்ற செடிகளுக்கும் பரவுகிறது. பேசாமல் விதை போட்டு வளர்க்கலாமா?

பதில்: வணக்கம் சகோதரி. விதை வேண்டாம். கோலியஸ் விதையில் தாய்ச்செடியின் நிறம் அப்படியே வராது. நடுவில் மெரூன், ஓரத்தில் பச்சை என்று நீங்கள் ஆசைப்பட்ட அதே இலை வேண்டுமென்றால் குச்சிதான் வழி.

இது துளசி, கற்பூரவள்ளிக் குடும்பம். தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள், உருளாது. நான்கு பட்டையாக இருக்கும். உள்ளே நீர்ச்சத்து அதிகம். களிமண்ணில் நட்டு மழையில் விட்டால் வேர் பிடிக்கும் முன்பே அடி கறுத்துவிடும். பூ விடாத நுனியாக நாலு அங்குலம் எடுத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே சுத்தமான பிளேடால் வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். தென்னை நார்க்கழிவும் மணலும் சரிபாதி போதும். நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். சாரல் படாத, வெளிச்சமான இடத்தில் வைத்தால் பத்து நாளில் வேர் வந்துவிடும். டம்ளர் தண்ணீரிலும் விடும். ஆனால் வேர் ஒரு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் மண்ணில் தேறுவது சிரமம்.

அந்த வெள்ளை, மாவுப்பூச்சிதான். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும், எறும்பும் ஏறிக்கொண்டிருக்கும். முதலில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு இடுக்காகத் துடையுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். கோலியஸ் இலை மென்மையானது, ஓர் இலையில் சோதித்துவிட்டு மற்றதுக்கு அடியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

மாவுப்பூச்சியாவது கண்ணுக்குத் தெரியும். வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான வேர்முடிச்சு நூற்புழு தொட்டி மண்ணோடு வந்தால் தெரியாது. மருந்துக் கூர்க்கன் என்ற மூலிகையைப் பயிரிடும் விவசாயிகளைப் பாடாய்ப்படுத்தும் புழு இது. கூர்க்கனும் கோலியஸ் இனம்தான். செடி காரணமில்லாமல் வாடினால் பிடுங்கிப் பாருங்கள். வேரில் மணிமணியாக முடிச்சு இருந்தால் அந்த மண்ணை வேறு தொட்டிக்குப் போடாதீர்கள்.

அதனால்தான் சொல்கிறேன், தொட்டியாக மாற்றிக்கொள்வதை நிறுத்துங்கள். காலையில் வெட்டிய குச்சியை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பாலித்தீன் கவரில் தளர்வாகப் போட்டால் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் தாராளமாகப் போய்வரும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிர் இதற்கு ஆகாது. வந்த குச்சியை இரண்டு வாரம் தனியாக வையுங்கள்.

மாற்றிக்கொள்வதையே நிறுத்திவிடாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையைக் கடந்தபோது என் மாடியில் ஒரு கோலியஸ்கூட மிஞ்சவில்லை. நான் முன்பு குச்சி கொடுத்திருந்த வீடுகளிலிருந்துதான் ஆறு நிறம் திரும்பக் கிடைத்தது.

சித்திரை வெயிலில் நிறம் வெளுக்கும், நிழல்வலைக்கு அடியில் மாற்றுங்கள். பூக்கதிர் எட்டிப் பார்த்ததும் கிள்ளுங்கள். வெறும் பச்சையாக ஒரு கிளை வந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். விட்டால் அதுவே மற்ற கிளைகளை முந்தும்.

மாவுப்பூச்சித் தொட்டியை இன்றே தனியாக எடுத்து வையுங்கள். அதைக் கொடுத்த தோழிக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவர் வீட்டிலும் பரவிக்கொண்டிருக்கும்.