சத்தம் எழுப்பும் மாடல் ரயிலுக்கு எந்த பவர் சப்ளை?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், பேரனுக்காக ஹெச்ஓ அளவு (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு) மாடல் டீசல் என்ஜின் ஒன்றை அனுப்பியிருக்கிறான். செகண்ட் ஹேண்ட், சத்தம் எழுப்பும் வகை. கூடவே, ரயிலின் வேகத்தை மாற்றும் கன்ட்ரோலர் பெட்டி ஒன்றும் வந்தது, அதில் 120 வோல்ட் (அமெரிக்க வீட்டு மின்சாரம்) என்று மட்டும் போட்டிருக்கிறது. அதை இன்னும் செருகவில்லை. தண்டவாளத்துக்கு 12 வோல்ட் வரை தரும் நண்பரின் பழைய கன்ட்ரோலரில் ஓட்டினால், குமிழைப் பாதி திருப்பும் வரை என்ஜின் அசையாமல் நிற்கிறது. அப்புறம்தான் சத்தம் வருகிறது. ரயிலும் மெதுவாகவே போகிறது, ஹாரன் அடிக்க வழியே இல்லை. "பவர் பத்தவில்லை, 24 வோல்ட் 5 ஆம்பியர் சப்ளை போடுங்கள்" என்கிறார் கடைக்காரர். "அமெரிக்கப் பெட்டிக்கு ஒரு கன்வெர்ட்டர் போட்டால் போதும்" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். என்ஜினில் கோளாறு இல்லை, பவரும் குறையவில்லை.

முதலில் அந்த 'கன்வெர்ட்டர்'. கடையில் அந்தப் பெயரில் கிடைக்கும் சின்ன பிளக் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். நம் வீட்டு 230 வோல்ட் அப்படியே 120 வோல்ட் பெட்டிக்குள் போகும். உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் உறுமும், சூடாகும், வார்னிஷ் கருகும் வாடை வரும். அதற்கு முன்பே தண்டவாளத்துக்கு வரும் வோல்ட் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கும். என்ஜினுக்குள் இருக்கும் டீகோடர், அதாவது சத்தத்தையும் மோட்டாரையும் ஆளும் சின்ன சர்க்யூட், அந்த நொடியே போய்விடலாம். என்ஜினிலேயே விலை கூடிய பாகம் அதுதான். இணையத்தில் விற்பவர்கள் இந்தப் பிளக் படத்துக்குக் கீழே கூசாமல் 'வோல்டேஜ் கன்வெர்ட்டர்' என்று எழுதுகிறார்கள், கேட்பார் யாரும் இல்லை. வோல்ட்டை நிஜமாகவே குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கையில் எடுத்தால் கனக்கும், மேலே எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். உள்ளங்கையில் அடங்கும் பிளக் அந்த வேலையைச் செய்யாது.

சரி, ஸ்டெப்-டவுன் வாங்கி ஓட்டலாமா என்றால், ஓட்டலாம். ஆனால் அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுற்று, நம்முடையது 50. ஸ்டெப்-டவுன் வோல்ட்டைத்தான் குறைக்கும், சுற்றை மாற்றாது. 60 சுற்றுக்கென்றே செய்த பழைய கன்ட்ரோலர் 50-இல் வழக்கத்தைவிட அதிகமாகச் சூடாகும். ஒரே என்ஜினை அரைமணி நேரம் ஓட்டினால் பொதுவாகத் தாங்கும். நாள் முழுக்கச் செருகி வைக்கக் கூடாது. மேல்மூடியில் கை வைத்துப் பாருங்கள், வைத்த கையை எடுக்கத் தோன்றினால் அணைத்துவிடுங்கள். லேபிளில் '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது, அந்த ஒரு இடத்தில் மட்டும் வெறும் பின் மாற்றும் பிளக் போதும். உங்கள் பெட்டியில் 120 என்று மட்டும்தான் இருக்கிறது என்கிறீர்கள். பரணில் போட்டுவிடுங்கள். இவ்வளவு பாடுபட்டு அதை உயிர்ப்பித்தாலும் ஹாரன் வரப்போவதில்லை, ஏனென்றால் அதுவும் நண்பருடையதைப் போன்ற சாதாரண டிசி கன்ட்ரோலராகத்தான் இருக்கும்.

டிசி முறையில் குமிழைத் திருப்பத் திருப்ப தண்டவாளத்தில் வோல்ட் ஏறும். சத்த என்ஜினில் முதல் 5, 6 வோல்ட் டீகோடர் விழித்துக்கொள்ளவே சரியாகப் போய்விடும். மோட்டாருக்கு அதற்கு மேல் மிஞ்சுவதுதான் கிடைக்கும். பாதி குமிழில் சத்தம் பிறப்பதும் ரயில் மெதுவாகப் போவதும் இதனால்தான்.

உங்களுக்கு வேண்டியது டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) கன்ட்ரோலர். இதில் தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அளவு மின்சாரம் இருக்கும், ஹெச்ஓவுக்குச் சுமார் 14, 15 வோல்ட். வேகம், விளக்கு, ஹாரன் எல்லாம் கட்டளைகளாக அதிலேயே கலந்து போகும். ரயில் நின்றிருந்தாலும் என்ஜின் உறுமிக்கொண்டிருக்கும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை வைத்து, அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ வகுத்த பொதுத் தரம் இது. ஆகவே வேறு கம்பெனி பெட்டியானாலும் உங்கள் என்ஜின் ஓடும்.

அடுத்த முறை மகன் என்ஜின் வாங்கும்போது இதைச் சொல்லிவையுங்கள்: அட்டைப்பெட்டியில் 'டிசிசி ரெடி' என்று இருந்தால் டீகோடர் பொருத்த இடம் இருக்கிறது என்றுதான் அர்த்தம், டீகோடர் உள்ளே இருக்காது. 'சவுண்ட் ரெடி'யும் அதே கதை. வாங்குபவர் ஏமாறட்டும் என்றே வைத்த பெயர்கள் போலிருக்கின்றன. இத்தனை வருடமாக யாரும் மாற்றவில்லை.

இப்போது வோல்ட், ஆம்பியர். வோல்ட் மட்டும் பொருந்தியே ஆக வேண்டும், 24 உங்கள் என்ஜினுக்கு ஆபத்து. ஆம்பியர் அப்படியல்ல. வீட்டு லைன் மிக்ஸியையே ஓட்டும் என்றாலும் ஜீரோ வாட் பல்பு தனக்கு வேண்டியதை மட்டும்தானே எடுத்துக்கொள்கிறது. ஹெச்ஓ சத்த என்ஜின் ஒன்று ஒரு ஆம்பியரைத் தாண்டுவது அபூர்வம். 2 ஆம்பியர் டிசிசி கன்ட்ரோலர் உங்களுக்குத் தாராளம். 5 ஆம்பியர் வைத்தால் வேறு வம்பு: ரயில் தடம்புரண்டு ஷார்ட் ஆனால் சக்கரம் தொடும் இடத்தில் 70 வாட் வரை சூடு இறங்கலாம். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் இளகும். கடைக்காரர் சொல்வது வெறும் 24 வோல்ட் சப்ளை. அது டிசிசியும் இல்லை, ஷார்ட்டில் சட்டென்று அணையும் என்று நம்பவும் முடியாது.

டிசிசி கன்ட்ரோலருக்கு, அதைச் செய்தவர் குறிப்பிட்ட அடாப்டரையே போடுங்கள். லேப்டாப் அடாப்டரின் பின் நன்றாகப் பொருந்துகிறதே என்று செருகாதீர்கள். 12, 15, 19, 24 வோல்ட் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வட்டப் பின்னை வைத்து விற்கும் புண்ணியவான்களால் எத்தனையோ கருவிகள் வீணாகியிருக்கின்றன. இங்கேயே அடாப்டர் வாங்கினால் பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கன்ட்ரோலரின் ஒயர்களைத் தண்டவாளத்திலிருந்து முழுசாகக் கழற்றிய பிறகே புதியதை இணையுங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் புதியது பழுதாகும்.

புதிய டிசிசி கன்ட்ரோலரை இணைத்ததும் என்ஜினை வைக்காமல், ஒயர் இணைத்த இடத்திலிருந்து தூரத்தில் இருக்கும் தண்டவாளத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைக் குறுக்கே வையுங்கள். கன்ட்ரோலர் உடனே அணைய வேண்டும். அணையாவிட்டால் நாணயத்தைக் கையால் தொடாமல் முதலில் ஸ்விட்சை அணையுங்கள், ஒயரைத் தடிமனாக மாற்றி மறுபடி பாருங்கள். அப்போதும் அணையவில்லை என்றால் பில்லோடு போய்த் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.