குரோன் நோய்க்குச் சிகிச்சை நடக்கும்போதே ஏழு வயதில் மார்பு வளர்ச்சி: ஊசியை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகளுக்கு 7 வயது 9 மாதம். வயிற்றுவலி, பேதி, எடைக் குறைவு என்று பல இடம் அலைந்து, ஒன்றரை வருஷத்துக்கு முன்பு கொலனோஸ்கோபி செய்து, குடலில் நீண்டநாள் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் குரோன் நோய் என்றார்கள். முதலில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, பிறகு நோய் எதிர்ப்பை அடக்கும் அசதயோபிரின். எட்டு மாதமாக அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தை ட்ரிப்பாக ஏற்றுகிறோம். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். 17 கிலோ இருந்தவள் 24 கிலோ ஆகிவிட்டாள். ஆனால் இரண்டு மாதமாக இடது பக்க மார்பில் சின்னக் கட்டி போல இருக்கிறது. தொட்டால் வலிக்கிறது என்கிறாள். ‘அந்த ஊசிதான் பிள்ளையைச் சீக்கிரம் பெரிய மனுஷி ஆக்குது, நிறுத்து’ என்கிறார் மாமியார். அடுத்த ட்ரிப்புக்கு மூன்று வாரம் இருக்கிறது. போடலாமா? இதோடு உயரம் நின்றுவிடுமா?

பதில்: ட்ரிப்பைப் போடுங்கள். தேதியையும் தள்ள வேண்டாம். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். இதற்கு மட்டும் அவகாசம் குறைவு என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஃப்ளிக்சிமாப் பருவத்தை முன்கூட்டியே வரவழைக்கும் என்று இதுவரை நிறுவப்படவில்லை. ஆனால் அதை விட்டுவிட்டுப் போட்டால் உடல் அந்த மருந்தையே எதிர்த்து ஆன்டிபாடி தயாரிக்கத் தொடங்கலாம். பிறகு மறுபடி ஏற்றும்போது ஒவ்வாமை வரலாம், மருந்து பலிக்காமலும் போகலாம். குழந்தைகளின் குரோன் நோய்க்கு நம் கையில் இருக்கும் நல்ல மருந்துகளே சொற்பம். அதில் ஒன்றைச் சந்தேகத்தின் பேரில் இழப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

உங்கள் மாமியாரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் கவனித்ததில் ஓர் உண்மையும் இருக்கிறது. குடல் புண் ஆறாதவரை டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் அதிகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கல்லீரல் சுரக்கும் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிப் பொருளை அவை குறைக்கும். பருவத்தைத் தொடங்கி வைக்கும் மூளை ஹார்மோனையும் அடக்கும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாததால் கொழுப்புச் சேமிப்பும் இருக்காது. அதனால்தான் குரோன் உள்ள பிள்ளைகளிடம் நாங்கள் வழக்கமாகப் பார்ப்பது இதற்கு நேர் எதிரானது: 14 வயதாகியும் வயதுக்கு வராத பெண், பத்தாம் வகுப்பிலும் குரல் உடையாத பையன். உங்கள் மகளுக்கு அழற்சி அடங்கி, எடையும் ஏழு கிலோ ஏறியிருக்கிறது. அழுத்திப் பிடித்திருந்த பிரேக்கை விட்டாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிரேக்கை விட்டாலும் வண்டி அதன் நேரத்துக்குத்தான் கிளம்ப வேண்டும். முன்னதாகவே கிளம்பிவிட்டதா, கிளம்பியிருந்தால் எவ்வளவு வேகம் என்பதைத்தான் இப்போது பார்க்க வேண்டும். ‘குரோன் இருக்கிறது, அதனால்தான்’ என்று எந்த மருத்துவராவது சோதிக்காமல் அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். குரோன் நோய் பருவத்தைத் தள்ளிப்போடும் நோய்.

பெண் குழந்தைக்கு எட்டு வயது முடிவதற்குள் மார்பு வளர்ச்சி தொடங்கினால் அது முன்கூட்டிய பருவம். பையன்களுக்கு ஒன்பது வயதுதான் கணக்கு. விரை 4 மில்லி அளவை எட்டியிருக்கிறதா என்று பார்ப்போம். டாக்டரிடம் போகிற அன்று என்ன வயது என்பதைவிட, மாற்றம் தொடங்கியது எப்போது என்பதே முக்கியம். ஆகவே முதலில் கவனித்த தேதியை இன்றே குறித்துவையுங்கள்.

அது உண்மையிலேயே மார்பு வளர்ச்சிதானா? ஸ்டீராய்டு சாப்பிட்ட பிள்ளைக்குக் கன்னம், வயிறு, மார்பு எல்லா இடத்திலும் கொழுப்பு சேரும். பார்வைக்கு மார்பு போலவே தெரியும். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, காம்புக்கு நேர் கீழே விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். கொழுப்பு என்றால் மெத்தென்று பரவலாக இருக்கும், ஓரம் பிடிபடாது. மார்பு மொட்டு என்றால் சட்டைப் பொத்தான் அளவில் கெட்டியாக வட்டமாகத் தட்டுப்படும், அழுத்தினால் வலிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் முதலில் வரும். மற்றது சில மாதம் கழித்துக்கூட வரலாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது மொட்டு போலத்தான் தோன்றுகிறது. புற்றுநோய்க் கட்டியோ என்று பயந்து ஊசி குத்திச் சோதிக்கவோ, வெட்டி எடுக்கவோ யாரையும் விடாதீர்கள். இந்த வயதில் அந்த மொட்டுதான் பின்னாளின் முழு மார்பு. அதை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் மார்பே வளராது.

முடி விஷயத்திலும் இதே குழப்பம் வரும். ஸ்டீராய்டால் கன்னத்திலும் முதுகிலும் வருவது மெல்லிய பூனைமுடி. அந்தரங்க உறுப்பிலும் அக்குளிலும் கருத்துச் சுருண்ட முடி வருகிறதா, வியர்வையில் பெரியவர்களைப் போல வாடை வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்து உயரம். உங்கள் கேள்வியில் எடை இருக்கிறது, உயரம் இல்லை. பெரும்பாலான அம்மாக்கள் எழுதுவது இப்படித்தான். நோயில் மெலிந்த பிள்ளைக்கு எடைதானே கண்ணில் படுகிறது. ஒவ்வொரு ட்ரிப்புக்கும் மருந்தளவைக் கணக்கிட எடை பார்ப்பார்கள். அன்றைக்கே சுவரோடு பொருத்திய அளவுகோலில் உயரமும் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பருவம் தொடங்காத பெண் குழந்தை வருஷத்துக்கு 5 முதல் 6 செ.மீ. வளர்வாள். பருவ வேகம் பிடித்தால் உச்சத்தில் 8 செ.மீ. அளவுக்குப் போகும். வயதுக்கு வந்த பிறகு பொதுவாக 5 முதல் 7 செ.மீ.தான் மிச்சம். குரோன் பிள்ளைக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நோய் அடங்கியதும் விட்ட வளர்ச்சியைப் பிடிப்பதற்கே உயரம் வேகமாக ஏறும். அது நல்ல சேதி. பருவம் முந்தி வந்தாலும் உயரம் அதே மாதிரி வேகமாகத்தான் ஏறும். அதுவோ எலும்பின் வளரும் நுனி சீக்கிரம் மூடி, உயரம் நிற்கப்போவதற்கு அறிகுறி. டேப்பை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

பிரித்துக் காட்டுவது இடது கை மணிக்கட்டின் எக்ஸ்ரே. எலும்பு எந்த வயதுக்குரிய அளவுக்கு முதிர்ந்திருக்கிறது என்று அதில் தெரியும்; எலும்பு வயது என்பார்கள். செலவும் குறைவு, கதிர்வீச்சும் மிகக் குறைவு. நீண்ட நாள் குரோன் இருந்த பிள்ளைக்கு எலும்பு வயது பொதுவாகப் பின்தங்கியே இருக்கும். உங்கள் மகளுக்கு அது 6, 7 என்று வந்தால் மூச்சு விடலாம். வளர இடம் நிறைய இருக்கிறது. 9, 10 என்று வந்தால் காத்திருக்கக் கூடாது. ‘வயதுக்குச் சரியாக இருக்கிறது’ என்று ரிப்போர்ட் வந்தாலும் நான் உடனே திருப்தி அடைய மாட்டேன். பின்தங்கியிருக்க வேண்டியது சமீபத்தில் ஓடி வந்து சேர்ந்திருக்கலாம். ஆறு மாதத்தில் மறுபடி எடுக்கச் சொல்வேன்.

இதோடு காலை நேர ரத்தத்தில் பருவ ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச்., எஸ்ட்ராடியோல், தைராய்டுக்கு டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். நல்ல நுட்பமான சோதனையில் எல்.எச். 0.3 அலகைத் தாண்டினால் மூளையின் உத்தரவுப்படியே பருவம் தொடங்கியிருக்கிறது என்று பொருள். சந்தேகம் என்றால் ஊசி போட்டுத் தூண்டிப் பார்ப்பார்கள். தைராய்டை விடக் கூடாது. சிகிச்சையில்லாத தைராய்டுக் குறைவு பருவத்தை முன்னால் கொண்டுவந்துவிட்டு உயரத்தை மட்டும் நிறுத்திவைக்கும். அடிவயிற்று ஸ்கேனில் கருப்பை நீளம் 3.5 செ.மீ.க்கு மேல் போயிருக்கிறதா என்றும் பார்ப்போம். ரத்தம் எடுக்க இன்னொரு தடவை குத்த வேண்டியதில்லை. ட்ரிப் அன்று காலை ஊசி ஏற்றும்போதே, ஒவ்வாமை வராமலிருக்கத் தரும் முன்மருந்து எதுவும் கொடுப்பதற்கு முன் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஊசியென்றால் நடுங்கும் பிள்ளைக்கு இது பெரிய உதவி.

மூளை எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் தேவையில்லை. ஆறு வயதுக்குள் தொடங்கினால் எடுப்போம். பையன் என்றால் எப்படியும் எடுப்போம். ஆறிலிருந்து எட்டுக்குள் உள்ள பெண் குழந்தைக்கு, காலையில் தலைவலி வாந்தி, பார்வை மங்கல், ஓயாத தாகம், மிக வேகமான மாற்றம் என்று ஏதாவது இருந்தால் எடுக்க வேண்டும். பெண் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முன்கூட்டிய பருவத்துக்குத் தனிக் காரணம் எதுவும் கிடைக்காது. நீங்களும் உங்கள் சகோதரிகளும் எந்த வயதில் வயதுக்கு வந்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எல்லாம் உறுதியானாலும் உடனே சிகிச்சை என்று இல்லை. மூன்றிலிருந்து ஆறு மாதம் கவனித்தால் சிலருக்கு மொட்டு அப்படியே நிற்கும், சிலருக்கு மெதுவாகப் போகும். மொட்டு வந்ததிலிருந்து வயதுக்கு வர வழக்கமாக இரண்டு, இரண்டரை வருஷம் ஆகும். மூன்றாம் வகுப்பிலேயே நாளைக்கே வந்துவிடுவாளோ என்ற பயம் வேண்டாம். வேகமாகப் போனால் லியூப்ரோலைடு அல்லது டிரிப்டோரெலின் ஊசியை மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போட்டுப் பருவத்தை நிறுத்திவைக்கலாம். ஆறு வயதுக்குள் தொடங்கியவர்களுக்கு இதனால் உயரத்தில் நல்ல பலன் உண்டு. ஆறு முதல் எட்டு வரை பலன் ஆளுக்கு ஆள் மாறும். எட்டு தாண்டித் தொடங்கினால் உயரத்துக்கென்று போடுவதில் பெரிய லாபமில்லை. ஊசியை நிறுத்திய பின் பொதுவாக ஒன்று, ஒன்றரை வருஷத்தில் மாதவிலக்கு வந்துவிடும், கருத்தரிப்பைக் கெடுப்பதில்லை. போடும் காலத்தில் எலும்பு அடர்த்தி கூடும் வேகம் சற்றுக் குறையும், பிறகு ஈடாகிவிடும். ஆனால் ஸ்டீராய்டு சாப்பிட்ட பிள்ளை என்பதால் வைட்டமின் டி, கால்சியம் கணக்கை முன்னாலேயே சரிசெய்துவிட்டுத் தொடங்க வேண்டும். முடிவைக் குடல் மருத்துவரும் குழந்தைகள் ஹார்மோன் மருத்துவரும் சேர்ந்து எடுக்கட்டும். நோய் மறுபடி கிளம்பி ஸ்டீராய்டு தேவைப்பட்டால் உயரக் கணக்கே மாறிவிடும். என்னைக் கேட்டால், குடலை அமைதியாக வைத்திருப்பதுதான் இவள் உயரத்துக்கு முதல் மருந்து.

வீட்டில் பார்க்க வேண்டியவை சில. வாந்திக்கு டோம்பெரிடோன் அடிக்கடி கொடுத்தீர்களா? அது பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினை ஏற்றி மார்பை வீங்கவைக்கலாம். லேபிள் இல்லாத நாட்டு மருந்துப் பொடி ஏதாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. பிராய்லர் கோழியைப் பற்றியும் கட்டாயம் யாராவது சொல்லியிருப்பார்கள். அது சீக்கிரம் வளர்வது இனத்தேர்வாலும் தீவனத்தாலும்தான். ஹார்மோன் ஊசியால் அல்ல. புரதம் தேவைப்படும் பிள்ளைக்குக் கோழியை நிறுத்தாதீர்கள்.

ஜட்டியில் ரத்தம் தெரிந்தால் உடனே ‘வந்துவிட்டாள்’ என்று முடிவு கட்டவும் வேண்டாம். குரோன் உள்ள பிள்ளைக்கு ஆசனவாய் வெடிப்பிலிருந்தும் ரத்தம் வரும். வெளி உறுப்பின் உதடு வீங்குவதும் குரோனின் வேலையாக இருக்கலாம். ஈரப் பஞ்சால் முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாக ஒற்றிப் பார்த்தால் எங்கிருந்து என்று தெரிந்துவிடும். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். மார்பு மொட்டு வந்து சில வாரத்திலேயே மாதவிலக்கு வருவது வழக்கமில்லை.

பின்னாளில் உண்மையாகவே வயதுக்கு வரும்போது, பச்சை முட்டையை உடைத்து நல்லெண்ணெயோடு வாயில் ஊற்றும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இவளுக்கு வேண்டாம். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவளுக்குப் பச்சை முட்டையில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமி ஆபத்து; வேகவைத்துக் கொடுங்கள். குடலில் சுருக்கம் இல்லை என்று டாக்டர் சொன்னால் உளுந்தங்களி சாப்பிடத் தடையில்லை; எண்ணெயை மட்டும் அளவோடு ஊற்றுங்கள். மாதவிலக்கு வலிக்கு மெஃபெனாமிக் அமிலம், இபுபுரூஃபன் ரக மாத்திரைகள் குரோனைக் கிளப்பிவிடலாம். பாராசிட்டமாலும் வெந்நீர் ஒத்தடமும் போதும். பள்ளியில் வயிற்றுவலி என்றால் ஆயாவோ டீச்சரோ கையில் கிடைத்த மாத்திரையைக் கொடுப்பார்கள் என்பதால், எந்த மாத்திரைகள் கூடாது என்று வகுப்பாசிரியரிடம் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.