லீவு ரெண்டு நாள், விருந்தாளி பத்து நாள்

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கிச் சொல்லிடுறேன். மும்பைக்கு வேலைக்கு வந்து ஆறு மாசம், காஞ்சூர்மார்க்ல ஒரு பெட்ரூம் வீடு. பொங்கல் முடிஞ்ச கையோட கோவில்பட்டியிலருந்து அப்பா, அம்மா, அத்தை மூணு பேரும் வந்து பத்து நாள் தங்கப் போறாங்க. உங்களுக்கு லீவு ரெண்டே நாள். அப்பா, தாராவியில அவரோட பெரியப்பா இருந்த தெருவைப் பார்க்கணும்ங்கிறார். அத்தைக்கு அமிதாப் பச்சன் வீடு. "எதைக் காட்டுறது, எதை விடுறது, ஊர் சுத்திக்காட்டுற மும்பை தர்ஷன் பஸ்ல ஏத்திவிட்டாப் போதுமா?"ன்னு கேட்டிருக்கீங்க.

நான் செம்பூர்ல இருக்கேன். கல்யாணமாகித் தென்காசிப் பக்கத்துலருந்து வந்தவ. பிள்ளைங்க இங்கேயே காலேஜ் முடிச்சாச்சு. ஊர்லருந்து யாராவது வர்றதும் போறதுமாத்தான் எங்க வீடு இருக்கும். அதை வச்சுச் சொல்றேன்: லீவு போட்ட அந்த ரெண்டு நாளைப் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க, அது எப்படியும் நல்லாப் போயிடும். நீங்க ஆபீஸ் போயிருக்கிற மிச்ச நாள்தான் விஷயமே. ஊர்ல எந்திரிச்சதும் டீக்கடை, பேப்பர், பேச்சுக்கு நாலு பேர்னு இருந்த மனுஷர், இங்க ஒன்பதாவது மாடி ஜன்னல்ல நின்னு எதிர் பில்டிங் ஏசிப் பெட்டிகளை எண்ணிக்கிட்டு இருப்பார். அம்மா துடைச்ச மேடையையே திரும்பத் துடைப்பாங்க. மூணாம் நாள் ராத்திரி சாப்பிடும்போது, "டிக்கெட்டை முன்னாடி மாத்தினா பணம் பிடிப்பானாப்பா?"ன்னு மெதுவா ஒரு கேள்வி வரும்.

அதனால நீங்க இல்லாமலே அவங்க மூணு பேரும் போயிட்டு வர்ற மாதிரி ஓரிடத்தைப் பழக்கி விட்டுடுங்க. உங்க வீட்டுக்கு அது மாட்டுங்காதான். காஞ்சூர்மார்க்ல, எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கிற ஸ்லோ லோக்கல் ஏறினா விக்ரோலி, காட்கோபர், வித்யாவிஹார், குர்லா, சயான், அடுத்தது மாட்டுங்கா. எங்கேயும் வண்டி மாற வேண்டாம். ஃபாஸ்ட் வண்டி அங்க நிக்காது, தாதர்ல கொண்டுபோய் விட்டுடும். மாட்டுங்கா ரோடுன்னு இன்னொரு ஸ்டேஷன் இருக்கு, அது வெஸ்டர்ன் லைன். யார்கிட்டயாவது வழி கேட்டா இதுலதான் குழப்புவாங்க. நீங்க போறது சென்ட்ரல் லைன் மாட்டுங்கா. 2017லருந்து டிக்கெட் கவுண்டர்லருந்து ஸ்டேஷன் மேனேஜர் வரைக்கும் பெண்களே நடத்துற ஸ்டேஷன். அம்மாகிட்ட இதைச் சொல்லி வைங்க, பார்த்து ரசிப்பாங்க.

ஸ்டேஷனுக்குக் கிழக்குப் பக்கம் இறங்கினா அரை மணி நேர நடையில எல்லாமே கிடைச்சிடும். மார்க்கெட்ல முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழைப்பூ, வாழைத்தண்டு. கட்டின பூ. வறுத்து அரைச்சுக் கொடுக்கிற காபிப்பொடிக் கடை. ஆஸ்திக சமாஜம் கோயில். பூஜைச் சாமானுக்கு கிரி கடை. மயிலாப்பூர்ல எல்லாரும் போற அதே கிரிதான், ஆனா ஆரம்பிச்சது இந்த மாட்டுங்காவில. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஸ்டேஷன் எதிர்லயே ராமநாயக் உடுப்பி, 1942லருந்து நடக்குது, இலை போட்டுப் பரிமாறுவாங்க. சாம்பார் கொஞ்சம் இனிக்கும். அத்தைகிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, இல்லைன்னா பரிமாறுறவரைக் கூப்பிட்டு வச்சு வகுப்பு எடுப்பாங்க. முக்கியமா, கடைக்காரங்கள்ல பாதிப் பேருக்காவது தமிழ் புரியும். விலை கேட்டு, பேரம் பேசி, "அந்தக் காய் வேணாம், இதைப் போடுங்க"ன்னு சொல்ல ஓரிடம் கிடைச்சிட்டா அம்மாவுக்கு மும்பை பாதி பழகின மாதிரி.

ஏத்திவிடறதுதான் கஷ்டம்னு நினைப்பீங்க. கஷ்டம்தான், ஆனா கத்துக்கொடுக்கலாம். வந்த முதல் சனிக்கிழமை நீங்களே கூட்டிட்டுப் போங்க. காலையில பதினோரு மணிக்கு மேல கிளம்பி, நாலு மணிக்குள்ள திரும்பிடணும். காலைக் கூட்டம் தெற்கே போகும், சாயங்காலக் கூட்டம் வடக்கே வரும். நடுவுல இருக்கிற நேரத்துல உட்காரவே இடம் கிடைக்கும். முதல் தடவை நாலு பேரும் ஜெனரல் பெட்டியிலயே சேர்ந்து போங்க. அடுத்த தடவை அம்மாவும் அத்தையும் லேடீஸ் பெட்டியில, அப்பா அதுக்கு அடுத்த பெட்டியில. வண்டி நிக்கிறது அரை நிமிஷம் கூட இருக்காது. அதனால மாட்டுங்கா வந்தப்புறம் எந்திரிக்கக் கூடாது. ஒலிபெருக்கியில "சயான்"னு காதுல விழும்போதே எந்திரிச்சு வாசலுக்குப் பக்கத்துல வந்துடணும். பிளாட்பாரம் எந்தப் பக்கம் வருதுன்னு முதல் தடவையே கவனிச்சு வச்சுக்கச் சொல்லுங்க.

பிரிஞ்சுட்டா என்ன செய்றதுன்னும் வீட்லயே பேசி முடிவு பண்ணிடணும். எங்க வீட்ல சட்டம் இதுதான்: விட்டுப்போனவங்க அதே பிளாட்பாரத்துல நின்னு அடுத்த ஸ்லோ வண்டியில வரணும், முன்னாடி போனவங்க இறங்கின இடத்துலயே பெஞ்சுல உட்காரணும். யாரும் யாரையும் தேடிப் போகக் கூடாது. ஒரு தடவை குர்லாவில கூட்டம் நெருக்கித் தள்ளினதுல மாமியார் ஏறிட்டாங்க, சித்தி பிளாட்பாரத்துல நின்னுட்டாங்க. சித்தி பதறாம அடுத்த வண்டியில மாட்டுங்கா வந்து இறங்கினா, மாமியார் பெஞ்சுல சம்மணம் போட்டு உட்கார்ந்து, டூட்டியில இருந்த போலீஸ்காரம்மாகிட்ட தமிழ்லயே குடும்பக் கதை சொல்லிட்டு இருக்காங்க. அந்தம்மா மராத்தியில பதில் சொல்லிட்டு இருந்திருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை.

ஞாயித்துக்கிழமை மட்டும் தனியா அனுப்பாதீங்க. மெகா பிளாக்னு தண்டவாள வேலை நடக்கும். ஸ்லோ வண்டியை ஃபாஸ்ட் தடத்துல திருப்பிவிட்டா காஞ்சூர்மார்க் மாதிரி ஸ்டேஷன்ல வண்டி நிக்காது. முந்தின நாளே எந்தப் பகுதியில பிளாக்னு சொல்லிடுவாங்க, பார்த்துக்கிடுங்க.

வீட்டு விஷயம் ரெண்டு. வந்த அன்னைக்கே மூணு பேரையும் கீழே கூட்டிட்டுப் போய் வாட்ச்மேன்கிட்ட முகம் காட்டிடுங்க; அப்பா பையில பில்டிங் பேர், விங், உங்க நம்பர் எல்லாம் இந்தியில எழுதின ஒரு சீட்டு இருக்கட்டும். அப்புறம் தண்ணி வர்ற நேரம். உங்க பில்டிங்ல எப்போ வரும், எப்போ நிக்கும்னு அம்மாவுக்குத் தெரியணும். இல்லைன்னா பதினோரு மணிக்கு எல்லாத் துணியையும் சோப்புத் தண்ணியில ஊறப்போட்டுட்டு உங்களுக்குப் போன் வரும். இன்னொண்ணு, ஜனவரியில இங்க ஏழு மணி தாண்டித்தான் விடியும். அஞ்சரைக்கு வாக்கிங் கிளம்பற அப்பாகிட்ட சொல்லி வைங்க, கும்மிருட்டா இருக்கும்.

ஆட்டோவை நினைச்சு பயப்பட வேண்டாம். எங்க அப்பா முதல் தடவை வந்தப்போ செம்பூர் ஸ்டேஷன் வாசல்ல ஆட்டோக்காரர் முன்னாடி நின்னு, விரலைச் சுழட்டி "எவ்வளவு?"ன்னு கேட்டார். அவர் ஒண்ணும் பேசாம மீட்டரைப் போட்டார். அப்பா மறுபடியும் கேட்டார், அவர் மறுபடியும் மீட்டரைக் காட்டினார். வீட்டு வாசல்ல இறங்கினப்புறம் மிச்சச் சில்லறையை எண்ணிக் கையில கொடுத்துட்டுப் போயிட்டார். கேட்வே ஆஃப் இந்தியாவைப் பத்தி ஊர்ல அப்பா ஒரு வார்த்தை பேசலை. இந்த மீட்டர் கதையைத்தான் கல்யாண வீடு, துஷ்டி வீடுன்னு பார்க்காம சொல்லிட்டு இருந்தார். 2025 பிப்ரவரியில ஆட்டோவுக்குக் குறைந்தபட்சம் 26 ரூபாய், டாக்ஸிக்கு 31ன்னு வச்சாங்க. பாந்த்ரா, சயான் தாண்டித் தெற்கே ஆட்டோவே கிடையாது, கருப்பு மஞ்சள் டாக்ஸிதான்.

இனி லீவு நாள். தர்ஷன் பஸ் வேணாம். அதுல வயசானவங்க பார்க்கிறதெல்லாம் முன் சீட்டு முதுகும் இறங்கி ஏறுற படியும்தான். முதல் நாளை டவுன் பக்கத்துக்கு வச்சுக்குங்க. பதினோரு மணி வண்டியில வி.டி. வரைக்கும் போங்க, அதான் பழைய விக்டோரியா டெர்மினஸ், போர்டுல சி.எஸ்.எம்.டி.ன்னு இருக்கும். போற வழியிலயே அப்பாகிட்ட சொல்லுங்க: 1853 ஏப்ரல் 16ஆம் தேதி இந்தியாவோட முதல் பயணிகள் ரயில், இப்போ வி.டி. நிக்கிற போரிபந்தர்லருந்து தானேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடினது இந்தத் தடத்துலதான். மகன் தினம் தொங்கிட்டுப் போற தடம்னு சேர்த்துச் சொல்றது உங்க இஷ்டம். இறங்கினதும் அவசரமா வெளியே ஓடாதீங்க. லோக்கல் டிக்கெட் கொடுக்கிற பழைய ஹால்ல அண்ணாந்து பாருங்க, கூரை பூரா நட்சத்திரம். அப்புறம் ரோட்டைத் தாண்டி மாநகராட்சிக் கட்டடத்துப் பக்கம் நின்னு முழுசாப் பார்க்கணும். பத்து வருஷம் கட்டி 1888ல முடிச்ச கட்டடம், 2004லருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு.

அங்கிருந்து டாக்ஸியில கேட்வே. 1911ல இங்கிலாந்து ராஜா அஞ்சாம் ஜார்ஜ் வந்து இறங்கினதுக்காகக் கட்டினது, ஆனா கட்டி முடிச்சுத் திறந்தது 1924ல. 1948 பிப்ரவரி 28 அன்னைக்கு கடைசிப் பிரிட்டிஷ் படை இதே வாசல் வழியாத்தான் கப்பலேறிப் போச்சு. எலிஃபெண்டா தீவுக் குகை வேணுமான்னு யோசிச்சீங்கன்னா, அம்மாவோட முழங்கால் எப்படின்னு முதல்ல கேளுங்க. படகுல ஒரு மணி நேரம். அங்க குட்டி ரயில் இருந்தாலும் அது படி ஆரம்பிக்கிற இடம் வரைக்கும்தான். அதுக்கு மேல 120 படி ஏறணும். திங்கக்கிழமை குகை மூடியிருக்கும். நானா இருந்தா கேட்வேயிலருந்து துறைமுகத்தைச் சுத்திக்காட்டுற சின்னப் படகுல ஏத்திக் கூட்டிட்டு வந்துடுவேன். படகுல போன திருப்தியும் ஆச்சு, கால்வலியும் இல்லை. வெயில் நேரத்துக்கு பக்கத்துல சத்ரபதி சிவாஜி மகராஜ் மியூசியம் இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி தோட்டத்து மர நிழல்ல கொஞ்ச நேரம் உட்கார விடுங்க.

அஞ்சரைக்கு மரைன் டிரைவ் வந்துடணும். ஜனவரி நடுவுல ஆறு இருபது வாக்குல சூரியன் கடல்ல இறங்கும். திருச்செந்தூர்ல சூரியன் கடல்லருந்து வெளியே வர்றதைப் பார்த்தே பழகினவங்களுக்கு இது புதுசு. அத்தைக்கு நேரம் போறதே தெரியாது. திரும்பும்போது பக்கத்துல இருக்கிற சர்ச்கேட்ல ஏறிடாதீங்க, அது வெஸ்டர்ன். டாக்ஸி பிடிச்சு வி.டி.க்கே வாங்க. சாப்பிட்டுட்டு எட்டரைக்கு மேல, அங்கிருந்தே கிளம்பற தானே ஸ்லோவுல ஏறினா உட்கார்ந்தே வரலாம். முதல் வண்டியில கூட்டம்னா விட்டுடுங்க.

சித்திவிநாயகர் கோயில் கேட்பாங்க, கேட்காம இருக்க மாட்டாங்க. வி.டி.யிலருந்து பூமிக்கடியில போற மெட்ரோவுல சித்திவிநாயக்னே ஸ்டேஷன் இருக்கு, 2025 அக்டோபர்லருந்து ஆரேயிலருந்து கஃப் பரேட் வரைக்கும் முழுசா ஓடுது. ஏசி, லிஃப்ட் எல்லாம் உண்டு. செவ்வாய்க்கிழமை மட்டும் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க, கூட்டம் தாங்காது.

ரெண்டாவது நாள் தாராவி. கண்டிப்பாக் கூட்டிட்டுப் போங்க. திருநெல்வேலிச் சீமையிலருந்து தோல் பதனிடுற வேலைக்கு வந்து தங்கின குடும்பங்கள் எத்தனையோ தலைமுறையா அங்க இருக்கு. அப்பாவோட பெரியப்பாவும் அப்படி வந்தவராத்தான் இருக்கணும். பழைய பட்டறைங்க நிறைய இப்போ இல்லை, ரீடெவலப்மென்ட் பேச்சு வேற நடந்துட்டு இருக்கு. தெரு கிடைக்குமான்னு தெரியாது, ஆனா விசாரிச்சுப் பார்க்க ஆள் கிடைக்கும். சுத்திக்காட்டுறேன்னு வெள்ளைக்காரங்களை வரிசையாக் கூட்டிட்டுப் போறவங்க பின்னாடி மட்டும் போகாதீங்க, எனக்கு அது பிடிக்காது. பெரியப்பாவோட முழுப்பேர், ஊர், எந்த வகையறா, எந்தக் கோயில் பக்கம் இருந்தார்னு அப்பாகிட்ட எழுதி வாங்கிக்குங்க. 90 அடி ரோட்டுல தமிழ் போர்டு போட்ட ஒரு டீக்கடையில உட்கார்ந்து, அந்தப் பேரைச் சொல்லி, பேச்சை அப்பாகிட்ட விட்டுடுங்க. ரெண்டு டீ முடியறதுக்குள்ள "எந்த ஊரு?"ன்னு எதிர்க்கேள்வி வந்திடும்.

முடிஞ்சா ஒரு வாரம் முன்னாடியே கிளம்பி வர்ற மாதிரி டிக்கெட் போடச் சொல்லுங்க. பொங்கல் அன்னைக்கு அதே 90 அடி ரோட்டுல பொம்பளைங்க வரிசையா அடுப்பு கூட்டிப் பானை வைப்பாங்க. அதைப் பார்த்தாங்கன்னா ஊர்ப் பொங்கலை விட்டுட்டு வந்த குறையும் தீர்ந்துடும். மழைக்காலத்துல மட்டும் யாரையும் வரச்சொல்லாதீங்க. 2005 ஜூலை 26ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் கொட்டின ஊர் இது.

கடைசியா அத்தை. அமிதாப் வீடு ஜுஹுவில, ஜல்சான்னு பேர். வழக்கமா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கேட் பக்கம் வந்து கையசைப்பார், ஆனா எல்லா வாரமும் வருவார்னு சொல்ல முடியாது. லீவு எடுக்கத் தேவையில்லை, கூட நீங்க போனாப் போதும். காட்கோபர் வரைக்கும் லோக்கல். அன்னைக்கு மெகா பிளாக்னா ஆட்டோ. அங்கிருந்து வெர்சோவா மெட்ரோவுல ஏறி டி.என். நகர்ல இறங்கி இன்னொரு ஆட்டோ, தாதர் பக்கமே போக வேண்டாம். அத்தையை முன்னாடி நிக்க விடாதீங்க, தள்ளுமுள்ளு பலமா இருக்கும். எதிர்ப்பக்கம் நின்னாலும் முகம் தெரியும். அவர் வரலைன்னா கடற்கரை பக்கத்துலதான், ஒரு பாவ் பாஜி வாங்கிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்துடுங்க. காரம் கம்மியாப் போடச் சொல்லுங்க.