டிஎக்ஸ் வாகனில் இருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்: கிரைண்டரை எடுக்க முன்னம்

மாங்குளத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, அப்பாவின்ரை டொயோட்டா கொரொல்லா டிஎக்ஸ் வாகன், கேஈ 72, மாமரத்துக்குக் கீழே நிக்குது. என்ஜினும் கியர் பொக்ஸும் நல்லம், பொடி இத்துப்போச்சு. இதின்ரை சாமானை வைச்சு ஒரு கோப்ரா ரெப்ளிக்கா செய்ய ஆசை. எனக்கு வெல்டிங் தெரியும், சேசியை நானே ஒட்டுவன். முதல்ல எதிலை கையை வைக்கிறது?"

தம்பி, முதலில் புத்தகத்தில் கையை வையுங்கள். வண்டியின் பதிவுப் புத்தகம் வீட்டில் இருக்கிறதா, அது யாருடைய பெயரில் இருக்கிறது, என்ஜின் இலக்கம் புத்தகத்தோடு ஒத்து வருகிறதா? இடம்பெயர்வில் புத்தகத்தைத் தொலைத்தவர்கள் எங்கள் பக்கம் எத்தனையோ பேர், அதனால்தான் இதை முதலில் கேட்கிறேன். பெயர் மாற்ற வேண்டியிருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கேஈ 72க்குத் தனிச் சேசி கிடையாது, பொடியும் சேசியும் ஒன்றாக ஒட்டின வண்டி அது, சேசி இலக்கம் அடித்திருப்பது என்ஜினுக்குப் பின்னால் இருக்கிற தகட்டுச் சுவரில். நீங்கள் பொடியை இரும்புக்காரருக்கு எடை போட்டுக் கொடுத்தால் வண்டியின் அடையாளமும் அதோடு போய்விடும். அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் புதுச் சேசியில் ஒட்டிவிடலாம் என்று கராச்சில் யாராவது சொல்வார்கள், சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், பொலிஸுக்குப் பதில் சொல்லப் போவது நீங்கள். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருக்கிற மோட்டார் போக்குவரத்துப் பகுதிக்கு ஒரு கீறின படத்தோடு போய், இப்படிச் செய்யப் போகிறேன், பதிவுக்கு வழி என்ன என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். முடியாது என்று வந்தால் அது வளவுக்குள் ஓடுகிற காராக இருக்கும், அதற்கு எவ்வளவு சிலவழிப்பது என்பதை அப்போது யோசிக்கலாம். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் கார் ஓட்டின சனம் நாங்கள். கைவேலைக்குப் பயந்தவர்கள் இல்லை, கடுதாசி வேலையில்தான் கோட்டை விடுவோம்.

சரி, இனிக் காருக்கு வருவோம். கோப்ராவை மறந்துவிடுங்கள். கோபிக்க வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

கோப்ராவே ஒரு ஒட்டுக் கார்தான். இங்கிலாந்தின் ஏசி ஏஸ் என்ற சின்னக் காருக்குள் 1962இல் கரோல் ஷெல்பி என்ற அமெரிக்கர் போர்ட் வி8 என்ஜினைப் போட்டார், பிறகு வந்தது 7 லீற்றர் என்ஜின். அந்தக் காரின் அழகே அந்த என்ஜினுக்காக வீங்கின உடம்புதான். அதற்குள் உங்கள் 1290 சிசி 4கே என்ஜினை வைத்தால், பயில்வானின் சட்டையைப் பள்ளிக்கூடப் பெடியனுக்குப் போட்டது போல இருக்கும். இன்னொன்று, கோப்ராவில் நேரான தகடு என்று ஒரு சாண் கிடையாது, எல்லாம் இரண்டு பக்கமும் வளைந்த வளைவு. அச்சு இல்லாமல் அதைச் செய்ய முடியாது, ஒரே ஒரு காருக்காக முழு அச்சு செய்வது இரண்டு கார் செய்கிற வேலை.

லோட்டஸ் செவன் என்ற இங்கிலாந்தின் திறந்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார் மாதிரிச் செய்யலாமே என்று அடுத்ததாகக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். பொடி சுலபம்தான். ஆனால் அதன் மூக்கு மிகவும் தாழ்வு, உங்கள் வண்டியின் முன் சஸ்பென்ஷனோ உயரமான ஸ்ட்ரட் (சுருள் வில்லும் ஷொக்கும் ஒன்றாக நிற்கிற தண்டு), சில்லு பூட்டுகிற பாகமும் ஸ்ட்ரட் குழாயும் ஒன்றாக இருக்கும். அதைக் கழித்துவிட்டு மேலே ஒரு கை (ஆர்ம்), கீழே ஒரு கை உள்ள சஸ்பென்ஷன் செய்ய வேறு ஒரு வண்டியின் பாகம் தேட வேண்டும். பாதியில் கைவிட்டுத் தறப்பாளால் மூடி வைத்த வண்டிகள் நான் பார்த்ததில் அரைவாசி நின்றது இந்த இடத்தில்தான்.

இப்போது ஒரு அளவுநாடாவை எடுத்து உங்கள் வாகனின் முன் அச்சில் இருந்து பின் அச்சு வரை பிடியுங்கள். 2400 மில்லிமீற்றர் வரும். 1950 முதல் 1953 வரை வந்த எம்.ஜி. ரி.டி. என்ற இங்கிலாந்தின் திறந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு அதே அளவு 94 அங்குலம், அதாவது 2388. வித்தியாசம் ஒரு விரல் அகலம் கூட இல்லை. (கோப்ராவுக்கு 90 அங்குலம்.) ரி.டி.யின் என்ஜின் 1250 சிசி, 54 குதிரைவலு, உங்கள் 4கே அதற்குச் சமமாக நிற்கும். ரி.டி.யின் பின்பக்கம் இலை வில்லும் நேர் அச்சும், டிஎக்ஸ் வாகனுக்கும் அதேதான், செடானுக்குத்தான் சுருள் வில். பின்பக்கத்துக்கு வேறு வண்டியின் பாகம் தேடத் தேவையில்லை. வெளிநாட்டில் வோக்ஸ்வேகன் பீட்டிலின் தளத்தில் இந்த எம்.ஜி. மாதிரிகளை ஏராளமாகச் செய்ததும் இதே கணக்கில்தான், பீட்டிலுக்கும் 2400. அதே தளத்தில் போர்ஷ 356 செய்கிறவர்கள் 300 மில்லிமீற்றரை நடுவில் வெட்டி எடுக்க வேண்டும். எந்தக் கார் செய்வது என்பதைச் சாமான் தருகிற வண்டியிடம் கேளுங்கள், சுவரில் ஒட்டின படத்திடம் கேட்காதீர்கள்.

ஆனால் எல்லாம் பொருந்தாது. ரி.டி.யில் ரேடியேட்டர் கிட்டத்தட்ட முன் அச்சுக்கு மேலேயே நிற்கும், என்ஜின் முழுக்க அதற்குப் பின்னால். உங்கள் வண்டியில் ரேடியேட்டர் அச்சுக்கு நன்றாக முன்னுக்கு இருக்கிறது. இருந்த இடத்திலேயே என்ஜினை வைத்துப் பொடியைச் செய்தால் மூக்கு நீண்டு, யார் பார்த்தாலும் எங்கோ பிழைத்துவிட்டது என்று தெரியும், எங்கே என்றுதான் சொல்லத் தெரியாது. ஆகவே என்ஜினையும் கியர் பொக்ஸையும் பின்னுக்குத் தள்ள வேண்டும், தள்ளினால் பின் அச்சுக்குப் போகிற ஷாஃப்ட்டை வெட்டிச் சுருக்கிச் சமநிலை பார்க்க வேண்டும், கியர் தடி உங்கள் முழங்கையோடு வந்து நிற்கும், ஸ்டியரிங் தடியும் நீள வேண்டிவரும். ஸ்டியரிங் தடியை வெட்டி ஒட்டாதீர்கள். உங்கள் வெல்டிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம். இன்னொரு வண்டியின் மூட்டோடு கூடிய தடி எடுத்துப் பூட்டுங்கள்.

சேசிக்கு 100க்கு 50, 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள பெட்டிக் குழாய் போதும். மீற்றருக்கு ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் உள்ளே வரும், இரண்டு நீளத் தண்டும் சேர்த்து 45 கிலோ அளவில் முடியும். கிளிநொச்சியில் ரக்ரர் பெட்டி செய்கிறவர்களிடம் யோசனை கேட்டால் ப வடிவச் சனல் இரும்பு போடச் சொல்வார்கள், நெல் மூட்டை ஏற்றுகிற பழக்கம். திறந்த சனல் வளைவுக்குத் தாங்கும், முறுக்குக்குத் தாங்காது. கதவு பாதியில் வெட்டின, கூரை இல்லாத காருக்கு முறுக்குத்தான் எதிரி. ஸ்ட்ரட்டின் மேல்முனை பூட்டுகிற இரண்டு கோபுரங்களையும் ஒன்றோடொன்றும் சேசியோடும் முக்கோணமாகக் கட்டுங்கள், பழைய பொடியில் அந்த இடங்களின் அளவை மூலைக்கு மூலை எடுத்து எழுதி வைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். வாகனின் இலை வில் ஐந்து பேரும் சாமானும் ஏற்றச் செய்தது. இரண்டு பேர் போகிற காருக்கு அது கல்லு மாதிரி இருக்கும், ஒரு இலையைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். பின்பாரம் குறைவதால் பிரேக் பிடிக்கும்போது பின்சில்லு முந்தி இறுகலாம், அதை மழைநாளில் ஏ9 வீதியில் கண்டுபிடிக்காதீர்கள், ஆளில்லாத கிரவல் ரோட்டில் மெதுவாகச் சோதியுங்கள்.

பொடி வேலை உங்களுக்கு வசதி. பொனட், கதவு, பின் பெற்றோல் தாங்கி எல்லாம் ஒரு பக்கம் மட்டும் வளைகிற தகடு, நல்ல ரிங்கர் பாஸ் (தகட்டு வேலைக்காரர்) ஒருவர் செய்துவிடுவார். அசல் காரில் தகட்டுக்கு உள்ளே ஆஷ் மரச்சட்டம் இருந்தது. எங்கள் ஊர் மரத்தில் செய்கிறேன் என்று பாலையையும் முதிரையையும் போட்டுவிடாதீர்கள், வீட்டு வளைக்கு நல்ல மரம், காருக்குப் பாரம். 25 மில்லிமீற்றர் சதுரக் குழாயே நல்லது. நான்கு மட்காட்டும்தான் இரட்டை வளைவு, அதற்கு முல்லைத்தீவுக் கரையில் பைபர் படகு திருத்துகிறவர்களைப் பிடியுங்கள். றெசினும் கண்ணாடி இழை மாட்டும் அவர்களுக்குக் கைவந்த வேலை. நீங்களே செய்வதென்றால் 100 கிராம் றெசினுக்கு ஹார்ட்னர் 1 தொடக்கம் 2 கிராம், எங்கள் வெயிலில் குறைந்த பக்கம் நில்லுங்கள், கூடினால் பிரஷ் எடுக்க முன்னம் வாளிக்குள்ளேயே இறுகிவிடும். ஹார்ட்னரையும், றெசினை விரைவாக இறுக்கச் சேர்க்கிற கோபால்ட்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ரிஜிபோமில் (தெர்மோகோலில்) வடிவம் செதுக்கி அதற்கு மேலேயே றெசின் பூசுவதும் நடக்காது, றெசின் ரிஜிபோமைக் கரைத்துத் தின்றுவிடும். உங்கள் வண்டியின் முன், பின் அச்சுகள் ரி.டி.யுடையதைவிட அகலம், எனவே மட்காட்டைப் படத்தில் இருப்பது போலச் செய்தால் ரயர் வெளியே தள்ளும். சில்லு பூட்டி நிறுத்திவிட்டு அதற்கு மேல் அளவெடுங்கள்.

சில்லைப் பற்றியும் ஒன்று. உங்களுடையது 13 அங்குலம், ரி.டி.க்கு 15. அந்த உயர்ந்த மட்காட்டுக்குக் கீழே 13 நின்றால் பொம்மை வண்டி மாதிரி இருக்கும். 155/80 ஆர்13இல் இருந்து 185/65 ஆர்15க்குப் போனால் ரயர் ஏழரை வீதம் பெரிது, ஸ்பீட் மீற்றர் 60 காட்டும்போது நீங்கள் போவது 64க்கு மேல். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்து உள்வீதிகளுக்கு அந்தக் கூடுதல் உயரம் உதவியாகவும் இருக்கும்.

பணத்துக்கு நான் தொகை சொல்ல மாட்டேன், வாராவாரம் மாறுகிறது. சேசியும் என்ஜினும் அல்ல, ரயர், வயரிங், சீற்று, பெயின்ற், கண்ணாடி இவைதான் கையைக் கடிக்கும். கையில் இருப்பதில் மூன்றில் ஒன்றை இவற்றுக்கென்று தொடாமல் வையுங்கள்.

கச்சேரியில் இருந்து பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். நெல் காயவிடுகிற சீமெந்துத் தளத்தில் சோக்கட்டியால் காரை முழு அளவில் கீறுங்கள், மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. என்ஜின் நிற்கிற இடத்தில் ஒரு பெட்டி, இருக்கை வருகிற இடத்தில் கால் வெட்டின ஒரு கதிரை. அதில் ஏறி இருந்து, காலை நீட்டி, கியர் தடி எங்கே வருகிறது, ஸ்டியரிங் நெஞ்சில் முட்டுகிறதா என்று பாருங்கள், முட்டினால் அழித்துவிட்டுத் திரும்பக் கீறுங்கள். காலபோக அறுவடைக்கு முன்னம் கீறி முடியுங்கள், பிறகு தளம் கிடைக்காது.