வாசகர் கேள்வி பதில்: பக்கத்தில் இருந்த எமர்ஜென்சியை மூடிவிட்டார்களே?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான், ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுகள் மூடப்படுவது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: இரவு பதினொன்றரை மணிக்கு அப்பா நெஞ்சை அடைக்கிறது என்றார். எப்போதும் போகிற ஆஸ்பத்திரிக்குக் காரில் அழைத்துப் போனோம். கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தது. 'அவசர சிகிச்சைப் பிரிவு இரவு 8 முதல் காலை 8 வரை இயங்காது' என்று ஒரு தாளை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அடுத்த ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடம் ஆனது. அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் எல்லாருக்கும் அப்படி நடக்குமா? பக்கத்தில் இருப்பதை மூடினால் சாவு கூடாதா?

அப்பா நலமாக இருப்பது பெரிய நிம்மதி. முதலில் அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுவலியோடு வருகிறவருக்குப் பூட்டிய கதவில்தான் விஷயம் தெரிய வேண்டும் என்று விட்டுவைத்தது மன்னிக்கவே முடியாத அலட்சியம். மூடுவதற்கு என்ன காரணம் வேண்டுமானாலும் இருக்கட்டும், ஊருக்கு முன்கூட்டியே சொல்லாமல் இருக்க ஒரு காரணமும் கிடையாது.

சாவு கூடுமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்வதில்லை. இங்கிலாந்தில் ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்ட பத்தாயிரம் அவசர நோயாளிகளை வைத்து 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. தூரம் 10 கிலோமீட்டர் கூடும்போது இறப்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கூடியது என்றது அது, மூச்சுத் திணறலோடு வந்தவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கலிபோர்னியாவில் 1999 முதல் 2010 வரையிலான பதிவுகளைப் பார்த்தவர்கள் வேறொரு விஷயத்தைக் கண்டார்கள். ஒரு எமர்ஜென்சி மூடப்பட்டபோது அதன் சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த நோயாளிகள் அங்கேயே இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் கூடியிருந்தது, மாரடைப்பில் 15 சதவீதம். அதாவது பாதிப்பு மூடிய ஊரோடு நிற்பதில்லை. பக்கத்து ஊர்க்காரர் இத்தனை நாளும் போய்வந்த வரிசையும் நீண்டுவிடுகிறது.

ஆனால் இங்கிலாந்திலேயே 2009-க்கும் 2011-க்கும் இடையில் எமர்ஜென்சி மூடப்பட்ட ஐந்து ஊர்களை எடுத்து, மூடாத ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2018-இல் வந்தது. மொத்தத்தில் சாவு கூடியது என்று சொல்ல உறுதியான சான்று அதில் கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குத்தான் வேலை கூடியது. அரசுகள் இந்த ஆய்வைத்தான் காட்டும். காட்டட்டும், தவறில்லை. ஆனால் அது சராசரிக் கணக்கு என்பதையும், ஆம்புலன்ஸ் கூடுதலாக ஓடித்தான் அந்த நிலை வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்ட் இருக்கிறார், ஸ்கேன் இருக்கிறது. சின்ன இடத்தில் பெயருக்கு ஒரு எமர்ஜென்சி வைத்திருப்பதைவிட நேராக அங்கே போவது நல்லதுதானே?

சில நோய்களில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. லண்டனில் 2010-இல் பக்கவாத சிகிச்சையை எட்டே எட்டு மையங்களில் குவித்தார்கள். பக்கத்து ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிக்கூட ஆம்புலன்ஸ் போகும். ஆனாலும் வருடத்துக்கு 96 உயிர்கள் கூடுதலாகத் தப்பின என்று, மூன்று மாத முடிவில் உயிரோடு இருந்தவர்களை வைத்துப் பிறகு கணக்கிட்டார்கள். பக்கவாதம் வந்தவருக்கு ஸ்கேன் இல்லாத கட்டிடம் பக்கத்தில் இருந்து ஒரு பயனும் இல்லை, ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட முடியாது.

ஆனால் லண்டனில் மையங்களைத் தயார் செய்தார்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு எங்கே போக வேண்டும் என்று விதி வைத்தார்கள், நகரத்தில் எங்கிருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் ஒரு மையத்தை எட்டும்படி திட்டமிட்டார்கள், அதற்கென்று பணமும் ஒதுக்கினார்கள். ஆள் இல்லை என்று இரவோடு இரவாக ஷட்டரை இழுத்துவிட்டு அதற்கு லண்டனை உதாரணம் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதோடு, ஒவ்வாமையில் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும் குழந்தைக்கும் வலிப்பு நிற்காதவருக்கும் ஸ்பெஷலிஸ்ட்டைவிட முதல் பத்து நிமிடத்தில் ஊசி போடத் தெரிந்த ஒரு டூட்டி டாக்டரும் நர்ஸும்தான் தேவை.

கேள்வி: டாக்டர் இல்லை, டாக்டர் இல்லை என்கிறார்கள். ராத்திரிக்கு ஒரே ஒரு டாக்டரைப் போட முடியாதா?

வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் வேலை செய்தால், ஒரே ஒரு நாற்காலியை எப்போதும் நிரப்பி வைக்கவே நான்கு பேருக்கு மேல் வேண்டும். விடுப்பு, உடல்நலக் குறைவு, பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்தாறு பேர். இதில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனால் மிச்சம் இருப்பவர்கள் தலையில் இரவு டூட்டி குவியும், அவர்களும் கிளம்பிவிடுவார்கள். பல பிரிவுகள் இப்படித்தான் படுத்துவிடுகின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை 23 ஆஸ்பத்திரிகளில் 203 முறை எமர்ஜென்சியைத் திடீரென்று மூட வேண்டி வந்ததாக அரசுத் தணிக்கை அறிக்கையே சொன்னது. முக்கியக் காரணம் நர்ஸ் பற்றாக்குறை. டாக்டரை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

கேள்வி: 'தற்காலிகமாக' என்றுதான் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

திறக்கும் தேதி எழுதியிருந்தால் பாதி நம்பலாம். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டில் 2011 டிசம்பரில் ஆள் பற்றாக்குறை என்று இரவில் மட்டும் மூடினார்கள், தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். இரவு நேர எமர்ஜென்சி அங்கே திரும்பி வரவில்லை. அதே நாட்டின் சோர்லி என்ற ஊரில் 2016 ஏப்ரலில் மூடியது, ஊர்க்காரர்கள் விடாமல் குரல் கொடுத்த பிறகு அடுத்த ஜனவரியில் பகல் நேரத்துக்கு மட்டும் திறந்தது.

கேள்வி: எங்கள் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கிறார்கள். போய் என்ன பேசுவது? போனால் பலன் உண்டா?

கட்டாயம் போங்கள். 'மூடாதே' என்று மட்டும் சொன்னால் குறித்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள், எண்களைக் கேளுங்கள். இங்கே வருடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், அதில் படுக்கை தேவைப்படுகிறவர்கள் எத்தனை பேர், அவர்களை ஏற்கப்போகும் ஆஸ்பத்திரியில் இன்றைக்கு எத்தனை படுக்கை காலியாக இருக்கிறது? இந்தப் படுக்கைக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வந்ததிலிருந்து ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு மேல் வார்டு கிடைக்காமல் எமர்ஜென்சியிலேயே கிடக்கும் நோயாளிகளில் 82 பேருக்கு ஒருவர் கூடுதலாக இறக்கிறார் என்று இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிப் பதிவுகளை வைத்து 2022-இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஏற்கெனவே வராந்தாவில் ஸ்ட்ரெச்சர்கள் வரிசை கட்டி நிற்கும் இடத்துக்கு இன்னும் ஒரு ஊரை அனுப்பப் போகிறார்களா என்று நேராகவே கேளுங்கள். அப்புறம் ஆம்புலன்ஸ். ஒரு வண்டி நாற்பது நிமிடம் போய், அங்கே நோயாளியை ஒப்படைக்கக் காத்திருந்து, திரும்பி வரும்வரை ஊரில் வண்டி இருக்காது. கூடுதல் வண்டி எத்தனை, எப்போது வரும், மூடுவதற்கு முன்பா பின்பா என்று எழுத்தில் வாங்குங்கள்.

மாற்று வழி இல்லை என்றும் சொல்வார்கள், உண்டு. அமெரிக்காவில் கிராமத்துச் சிறிய ஆஸ்பத்திரிகளுக்கென்று 2023 முதல் ஒரு தனி வகை நடைமுறையில் இருக்கிறது. வார்டு கிடையாது, ஆனால் 24 மணி நேர எமர்ஜென்சி உண்டு, அதற்கு அரசு மாதாமாதம் நிலையான தொகை தருகிறது. நோயாளி எண்ணிக்கையை மட்டும் வைத்து வருமானம் என்றால் சின்ன ஊரில் எதுவும் நிற்காது என்பதைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு.

பலன் உண்டா என்றால், லூயிஷமைப் பாருங்கள். பக்கத்து ஆஸ்பத்திரி நிர்வாகம் கடனில் மூழ்கியதற்காக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தென்கிழக்கு லண்டனின் லூயிஷம் ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சியைக் குறைக்க முடிவெடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள், வழக்கும் போட்டார்கள். சுகாதார அமைச்சர் அதிகாரத்தை மீறிவிட்டார் என்று 2013-இல் உயர் நீதிமன்றமும் அதே வருடம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லின. அதன் பிறகு அரசு சட்டத்தையே மாற்றிக்கொண்டது என்பதும் உண்மை. ஆனால் லூயிஷம் எமர்ஜென்சி மூடப்படவில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் மூடியே விட்டார்கள். இனி ராத்திரியில் ஏதாவது என்றால் என்ன செய்வது?

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் விழுவது, வாய் கோணுவது, நினைவு தப்புவது, நிற்காத ரத்தம் என்றால் காரை எடுக்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கிறது, இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியை எங்கே செய்வார்கள் என்று உங்களைவிட அவர்களுக்குத் தெரிய வாய்ப்பு அதிகம், வழியிலேயே சிகிச்சையும் தொடங்கும். பக்கவாதம் போலத் தெரிந்தால் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துவையுங்கள், ஊசி போடுவதற்கு நாலரை மணி நேர வரம்பு உண்டு, டாக்டர் முதலில் கேட்பதும் அதைத்தான். வீட்டில் இரண்டு பேராவது சிபிஆர், அதாவது இதயம் நின்றவரின் மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி, கற்றுக்கொள்ளுங்கள். இதயம் நின்றவருக்கு யாரும் மார்பை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது, ஆம்புலன்ஸ் தூரத்திலிருந்து வருகிற ஊரில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், ஒவ்வாமை, பழைய ஆபரேஷன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள், போகும் இடத்தில் உங்களை யாருக்கும் தெரியாது.